ஆட்டுக் கொட்டிலும் அகிம்சை விரதமும்

சென்ற 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. மறுநாள் திருவண்ணாமலை நகரில் மலைச்சரிவு பெயர்ந்து வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் மாண்ட கொடுமையை நாடே அறியும். அப்பெருந்துயரின் நிழலில் எவர் கண்ணிலும் படாமற்போன சிறு துயரம் ஒன்று எங்கள் ஊரில் நிகழ்ந்தது. அதையொட்டி எழுந்த வழக்கு இன்றளவும் எங்கள் ஊர்ச் சிராவகரிடையே தீரவில்லை. அதனை வாசகர்முன் வைக்க விழைகிறேன்.

எங்கள் ஊர் போளூர் வட்டத்துச் சிற்றூர். மணிலா பிடுங்கி முடிந்த மேட்டுக்கொல்லை ஒன்றில் அப்போது ஆட்டுக்கிடை மடங்கியிருந்தது. வெள்ளாடும் செம்மறியுமாக ஏறத்தாழ அறுபது உருப்படிகள். மூன்று நாள் மழை. நான்காம் நாள் காலையில் நான் கொல்லைக்குச் சென்றபோது ஆட்டுக்காரர் வரப்பின்மேல் குந்தியிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு சாக்கின்மேல் பதினொரு குட்டிகள் வரிசையாகக் கிடந்தன. வெள்ளம் அவற்றைக் கொல்லவில்லை. குளிர்தான் கொன்றது. வெள்ளாட்டுக்கு மழை ஆகாது என்பது ஊரறிந்த செய்தி. பிறந்து பத்து நாளான குட்டி முற்றும் நனைந்தால் உடற்சூடு இறங்கிப் பால் குடிக்கும் வலுவையும் இழந்துவிடும். பால் இறங்காததால் சூடு மேலும் குறையும். விடிவதற்குள் முடிந்துவிடும். எஞ்சியவற்றுள் சில சளியும் மூச்சிரைப்புமாய் மேலும் ஒரு வாரம் துன்புற்றன.

குட்டிகளை மூடிவைக்கக் கிடைக்காரர்களிடம் பெரிய கூடைகள் உண்டு. தென் மாவட்டங்களில் அதனைக் குடாப்பு என்பர். வெயிலுக்கும் நரிக்கும் நாய்க்கும் அது காப்பு. சாய்ந்தடிக்கும் ஐப்பசி கார்த்திகை மழைக்கு அது போதாது. தரையில் ஓடும் நீர் கூடைக்குள்ளும் ஓடும்.

இனிச் சொல்லப்போவது நம்மவர் செவிக்குச் சற்றுக் கசப்பாக இருக்கலாம். அந்தக் கிடை தானாக வந்து எங்கள் கொல்லையில் மடங்கியதன்று. நாங்கள் ஆளனுப்பி அழைத்து மடக்கியது. தமிழ்ச் சைனர்களாகிய நாம் தலைமுறை தலைமுறையாக உழுதுண்டு வாழ்பவர். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டங்களில் நயினார் என்றால் நிலமுள்ளவர் என்றே பிற மக்கள் எண்ணுவர். ஆட்டெரு அவ்வாண்டே பலன் தரும், மாட்டெரு மறு ஆண்டில் பலன் தரும் என்பது உழவர் வழக்கு. ஆட்டெருவில் தழைச்சத்து நூற்றுக்கு மூன்று பங்களவு உள்ளதென வேளாண் பல்கலைக்கழகத்தாரும் கூறுவர். தொழுவெருவில் அதில் பாதியும் இராது. புழுக்கையோடு மூத்திரமும் மண்ணிலேயே இறங்குவதால் இரண்டு இரவு கிடை மடக்கிய நிலம் நடவின்போது தனியே தெரியும். அதற்காக இரவுக்கு இவ்வளவு என்று நெல்லோ பணமோ தருகிறோம். அந்நெல்லைப் பொங்கி இறைவனுக்குப் படைத்து நாமும் உண்கிறோம். அதற்கு எருவளித்த ஆடுகள் பின்னர் எங்குப் போகின்றன என்று நம்முள் எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கீழ்பென்னாத்தூர்ச் சந்தைக்கும் செஞ்சிச் சந்தைக்கும் போகின்றன என்பது கேளாமலே தெரிந்த விடை.

அவ்வாண்டு மார்கழியில் ஒரு ஞாயிறன்று அபிடேகம் முடிந்து மண்டபத்தில் அமர்ந்திருந்தோம். சென்னையில் பொறியாளராகப் பணிபுரியும் எங்கள் குடும்பத்து இளைஞன் ஒருவன், கிடைக்காரர்களுக்கு எளிதாகத் தூக்கிச் செல்லும்படியான சிறு கொட்டில்கள் மூன்றினை ஊர்ப்பணத்தில் செய்து கொடுக்கலாமே என்றான். பெரியவர் ஒருவர் உடனே மறுத்தார். நூற்பயிற்சியும் விரத ஒழுக்கமும் உடையவர் அவர். என்னினும் பத்தாண்டு மூத்தவர்.

"அறுப்புக்குப் போகிற ஆட்டுக்கு நாம் கூரை போட்டுத் தருவதா? நனையாத குட்டி பிழைக்கும். பிழைத்தால் எடை கூடும். எடை கூடினால் சந்தையில் விலை கூடும். நாம் கட்டித் தருவது ஆட்டுக்கு வீடன்று, கசாப்புக்காரனுக்குக் கிடங்கு. செய்வதும் செய்விப்பதும் உடன்படுவதும் ஒன்றென்று ஆசாரியர்கள் சொல்லவில்லையா?"

எவரும் வாய் திறக்கவில்லை. பெண்டிர் பகுதியிலிருந்து அவர் மருமகளே கேட்டார்: "மாமா, அப்படியானால் நம் கொல்லையில் கிடை மடக்க ஆளனுப்பியது யார்?"

பெரியவர் சினம் கொள்ளவில்லை. "நான்தான் அம்மா. அதுவும் குற்றமே. ஒரு குற்றத்துக்கு இன்னொன்று பரிகாரமாகாது" என்றார். இச்சொல் என்னை நெடுநாள் வருத்திற்று. அவர் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. அதன் பின்னே நம் சமயத்தின் கடுமையான மரபொன்று நிற்கிறது. 1760இல் சுவேதாம்பரத் தேராபந்தத்தை நிறுவிய ஆசாரியர் பிக்ஷு, விரதமற்ற உயிரின் உடலைக் காப்பது உலகியல் உதவியே ஆகும், ஆன்ம அறமாகாது என்று வாதிட்டார். பிழைக்க வைத்த உயிர் பின் செய்யும் செயல்களுக்கும் பிழைக்க வைத்தவன் கணக்குச் சொல்ல வேண்டும் என்னும் அச்சம் அதனுள் உண்டு. நாம் அம்மரபினர் அல்லர். எனினும் அக்கேள்வி நம்மையும் விடாது.

இளைஞர்கள் வேறொரு வழியும் கூறினர். ஆடுகளையே விலைக்கு வாங்கிக் காப்பாற்றலாம் என்றனர். 2024 ஜூன் மாதம் தில்லியில் சைன அன்பர்கள் சிலர் பணம் திரட்டி 124 ஆடுகளை வாங்கிக் காத்த செய்தி நாளேடுகளில் வந்தது. அவர்தம் இரக்கத்தைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. ஆயினும் சந்தையில் நாம் கொடுக்கும் விலையும் சந்தைக்கே ஊட்டம் தருகிறது. விற்றவர் அப்பணத்தில் மீண்டும் குட்டிகள் வாங்குவார். வாங்கிய ஆடு பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். அத்தனை ஆண்டும் அதற்குத் தீவனமும் மருந்தும் கூரையும் வேண்டும். சென்னை அயனாவரத்தில் நூற்றாண்டு கடந்து நடைபெறும் பிஞ்சராபோல் போன்ற பெரிய நிலையங்கள் அதனைத் தாங்கும். முப்பது குடும்பம் உள்ள எங்கள் ஊர் தாங்காது. எந்த வழியாகச் சென்றாலும் ஆட்டின் தலைக்குமேல் ஒரு கூரை என்னும் இடத்திற்கே திரும்பி வர வேண்டியிருந்தது.

அனுமோதனை பற்றிப் பெரியவர் கூறியதை நான் பல நாள் நூல்களோடு வைத்து நோக்கினேன். சமந்தபத்திரர் இரத்னகரண்டகத்தில் இல்லறத்தானின் முதல் அணுவிரதத்தைச் சொல்லும்போது, சங்கற்பத்தோடு இயங்குயிரைக் கொல்வதையே மனம் மொழி மெய்களாலும், செய்தல் செய்வித்தல் உடன்படல்களாலும் விலக்கச் சொல்கிறார். உடன்பாடு என்பது கொலைக்கு உடன்படுவது. மழையில் நனையும் குட்டியை மழையிலிருந்து எடுப்பவன் மழைக்கு உடன்படவில்லை என்பதைத் தவிர வேறெதற்கு உடன்பட்டான்? அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்யுபாயத்தில், ஒரே செயல் இருவருக்கு இரு வேறு பலன் தருவதையும், கொல்லாதவனும் கொலைப்பயன் எய்துவதையும் விரித்துரைக்கிறார். துன்புறும் உயிரைத் துன்பம் தீரட்டும் என்று கொல்லும் வாதத்தையும் அவர் மறுக்கிறார். இறுதியில் எப்படியும் சாகப் போகிறது, ஆதலால் இன்றிரவு குளிரில் சாகட்டும் என்பது அதற்கு நெருங்கிய உறவுடைய வாதமே.

ஆயினும் இவ்வளவினால் பெரியவரின் கேள்வி முற்றும் தீர்ந்ததென்று நான் கூறேன். பிழைத்த குட்டி விற்கப்படும் என்பது நமக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்து செய்யும் செயலில் அத்தெரிவின் பாரமும் உண்டு. என் கருத்தெல்லாம் இதுதான்: அப்பாரம் கொட்டில் கட்டும்போது புதிதாக ஏறியதன்று. எருவுக்காக ஆளனுப்பிய அன்றே ஏறிவிட்டது. ஆகவே கொட்டிலைத் தானம் என்று நம் கணக்கில் எழுதிக்கொள்ளும் உரிமை நமக்கில்லை. ஆதிபுராணம் கூறும் தயாதத்தி என்னும் பெருஞ்சொல்லையும் இங்கே எடுக்க வேண்டா. நம் நிலத்துக்கு உழைத்த உயிருக்கு நாம் கொடாமல் வைத்திருந்த கூலி இது. ஊர்ப்பணத்தில் செய்யாமல், கிடை மடக்கும் நிலக்காரர்களே ஏக்கருக்கு இவ்வளவு என்று போட்டுச் செய்வது என முடிவாயிற்று. கொட்டிலின்மேல் உபயதாரர் பெயர் எழுதக் கூடாது என்றும் முடிவு செய்தோம். இவ்விரண்டாம் முடிவு சிலருக்குப் பிடிக்கவில்லை.

ஆட்டுக்காரரிடம் கேட்டபோது அவர் சொன்னது: "நயினாரே, கட்டிக் குடுத்தா நல்லதுதான். ஆனா நாங்க ரெண்டு நாளைக்கு ஒரு கொல்லை மாறறவங்க. நாலு பேரு தூக்கினா நகரணும். இல்லேன்னா அது எங்களுக்கு ஆவாது."

அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழை மகளிருக்கு நான்கு நான்கு ஆடுகள் வழங்கப்பட்டன. ஊரக வேலைத் திட்டத்தில் சிமெண்டுத் தூண் நட்ட கொட்டகைகளும் பல ஊர்களில் எழுந்தன. அவை வீட்டோடு ஆடு வைத்திருப்போர்க்குப் பயன்படும். நிலம் விட்டு நிலம் நகரும் கிடைக்குப் பயன்படா. ஆடு நகர்வதால்தான் எரு பரவுகிறது. எனவே கூரையும் அதனுடன் நகர வேண்டும்.

2025 தை மாதத்தில் முதற் கொட்டிலைச் செய்தோம். 8 அடி நீளம், 5 அடி அகலம். வளர்ந்த ஆட்டுக்கு 10 சதுர அடியும் குட்டிக்கு 4 சதுர அடியும் வேண்டும் என்பது கால்நடை மருத்துவர் கூறிய அளவு. அதன்படி ஒரு கொட்டிலில் பத்துக் குட்டிகள், அல்லது புதிதாக ஈன்ற இரண்டு தாய்களும் அவற்றின் குட்டிகளும் தங்கலாம். அறுபது ஆட்டுக்கும் கூரை போட நினைக்கவில்லை. வளர்ந்த ஆடு நனைந்தும் பிழைத்துக்கொள்ளும். நனைந்தால் சாவது எதுவோ அதற்கே இடம்.

நான்கு மூலைக்கும் சவுக்குக் கழி. சட்டமெல்லாம் மூங்கில். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மூங்கிற் பிளாச்சுகளால் பரண். புழுக்கையும் மூத்திரமும் இடுக்கு வழியே கீழே விழும், ஓடும் நீர் குட்டியைத் தொடாது. மேலே தென்னங்கீற்று. தகரம் போடலாம் என்றனர் சிலர். சித்திரை வெயிலில் தகரத்தின்கீழ் நின்று பார்த்தவர் அவ்வாறு சொல்லார். பரணின் நெடுஞ்சட்டங்கள் இரண்டையும் முன்னும் பின்னும் ஒன்றரை அடி நீட்டி விட்டோம். நால்வர் தோள் கொடுத்தால் பல்லக்குப் போல எழும். உற்சவத்தில் சுவாமி தூக்கிப் பழகிய தோள்கள் ஆதலால் எங்கள் பிள்ளைகளுக்கு அது புதிதாக இல்லை.

ஆணி அடித்தால் மூங்கில் பிளக்கும், முனை நீட்டிக்கொண்டு ஆட்டின் வயிற்றைக் கிழிக்கும். ஆகவே தேங்காய்நாரைக் கயிற்றை நனைத்து இறுக்கிக் கட்டினோம். காய்ந்தபின் அது இன்னும் இறுகும். கதவுக்குக் கீல் வேண்டுமே என்றபோது ஆட்டுக்காரர் தம் மடியிலிருந்து தோல் வார் ஒன்றை எடுத்தார். அவர் முகம் வாடாமல் அதனை மறுத்துப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் கீலாக்கினோம். கரையான் பிரச்சினையும் வந்தது. மருந்து பூசினால் கரையான் சாகும். ஆட்டைக் காக்கக் கரையானைக் கொல்வதா? கால்களின்கீழ் நான்கு கருங்கல் சில்லுகளை வைத்து, இரண்டு நாளுக்கொருமுறை இடம் மாற்றி வந்தால் கரையான் ஏற நேரமிராது என்று ஆட்டுக்காரரே தீர்த்துவைத்தார். நகரும் கொட்டில் என்பதன் நன்மைகளுள் இதுவும் ஒன்று. தூக்குமுன் பகல் வெளிச்சத்தில் கீற்றையும் பரணின் அடியையும் தட்டிப் பார்ப்பது, பல்லி பூரான் இருந்தால் விலக்கிவிடுவது என்பதை நாங்கள் சொல்ல, அவரும் ஏற்றுக்கொண்டார்.

எல்லாம் நன்றாக அமைந்ததென்று மகிழ்ந்திருந்தோம். பங்குனியில் ஒருநாள் காலை ஒரு குட்டியின் முன்னங்கால் பரண் இடுக்கில் சிக்கி முறிந்து கிடந்தது. புழுக்கை தாராளமாக விழட்டும் என்று பிளாச்சுகளுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தோம். வளர்ந்த ஆட்டின் குளம்புக்கு அது பொருந்தலாம். குட்டியின் குளம்பு உள்ளே இறங்கிவிட்டது. இரவெல்லாம் அது இழுத்திருக்க வேண்டும். அளவு சொன்னவன் நான். அந்தப் பொறியாளப் பிள்ளை ஒரு விரல் போதும் என்றான். நான்தான் வயதின் அதிகாரத்தால் இரண்டு விரல் என்றேன்.

தத்வார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், பிரமத்த யோகம் என்பதை முதலில் வைக்கிறார். சோர்வுடைய, கவனமற்ற மனமொழிமெய்களின் செயலால் உயிர்க்குக் கேடு நேர்வதே இம்சை என்பது கருத்து. சிறுவயதில் பாடசாலையில் அதனை மனனம் செய்தேன். அதன் பொருள் பங்குனி மாதம் அந்தக் கொல்லையில் விளங்கிற்று. கொட்டில் கட்டலாமா கூடாதா என்று மூன்று மாதம் நூல்களைப் புரட்டிய நான், இடுக்கு எவ்வளவு என்பதை மூன்று நிமிடம் எண்ணவில்லை. விரதம் மண்டபத்து வாதத்தில் இருந்ததைவிட அந்த இடுக்கில் அதிகம் இருந்தது. மூங்கிற் சிம்பு வைத்துக் குட்டியின் காலைக் கட்டினோம். நாற்பது நாளில் கூடியது, சற்றே கோணலாக.

பரணைப் பிரித்து அரை அங்குல இடைவெளியில் மீண்டும் கட்டினோம். இதில் புழுக்கை சில தங்கும். நாள்தோறும் துடைப்பத்தால் தள்ள வேண்டும். அந்த வேலை ஆட்டுக்காரரின் மனைவி தலையில் விழுந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிளாச்சின் வழவழப்பான புறம் மேலே இருந்தால் ஈரத்தில் வழுக்குகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. உட்புறத்தை மேலே திருப்பினோம்.

ஆடியில் அடித்த காற்று கொட்டிலைக் குப்புறக் கவிழ்த்தது. நல்வேளையாக உள்ளே ஒன்றுமில்லை. முகட்டை ஆறடியிலிருந்து ஐந்தடியாகத் தாழ்த்தினோம். நான்கு மூலையிலும் ஒன்றரையடி முளைகளைச் சாய்வாக அடித்துக் கயிறு கட்டும் முறை வந்தது. வடகிழக்கு மழை சாய்ந்தடிக்கும் பக்கத்தில் மட்டும் பனையோலைப் படலால் இரண்டரை அடிக்கு மறைப்பு. அதன்மேல் கூரைவரை திறப்பு. முழுவதும் மூடினால் மூத்திர நெடி தேங்கிக் குட்டியின் கண்ணும் மூக்கும் எரியும், மழையில் தப்பியது சளியில் போகும். இறவாணத்தை ஒன்றரை அடி நீட்டியதால் திறப்பின் வழியே சாரல் வருவது குறைந்தது.

கதவைப் பற்றித்தான் பெரிய விவாதம். முதல் அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களில் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது கட்டுதல். அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் ஆகியவை அதன்பின் வருவன. பெரியவர் இதனையும் எடுத்துக்காட்டினார். கூடவே திருமலையை நினைவூட்டினார். எங்கள் ஊரிலிருந்து புறப்பட்டால் காலைப் பொழுதுக்குள் சென்று சேரலாம். அங்கே மலைமேல் பதினாறடி உயரத்தில் நேமிநாதப் பெருமான் நிற்கிறார். தம் மணவிழா விருந்துக்காக வேலிக்குள் அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலம் கேட்டுத் தேரைத் திருப்பித் துறவு பூண்டவர் அவர். "நம் பெருமான் பட்டியைக் கண்டு துறந்தார். நீங்கள் பட்டியைக் கட்டுகிறீர்கள்" என்றார் பெரியவர்.

இதற்கு உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. பின்னர் ஆட்டுக்காரரோடு ஓர் இரவு கிடையில் தங்கினேன். நள்ளிரவில் ஐந்தாறு தெருநாய்கள் வந்தன. அவர் தடியோடு எழுந்தார். கதவில்லாத கொட்டில் நாய்க்கு வைத்த தட்டு என்பது எனக்கு விளங்கிற்று. அடைப்பதற்கும் காப்பதற்கும் உள்ள வேறுபாடு கதவு இருப்பதில் இல்லை. யாருக்காக அது சாத்தப்படுகிறது, எப்போது திறக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. நேமிநாதர் கண்ட பட்டி விடியும்வரை வைத்திருந்து கொல்வதற்கானது. எங்கள் கதவில் பூட்டு வைக்கும் வளையம் இல்லை. வெளியே ஒரு மரக்குச்சித் தாழ் மட்டும். விடிந்ததும் திறக்கப்படும். தாய் மேய்ந்துவிட்டுத் திரும்பினால் குட்டி அதனிடம் செல்லும். கீழ்ப்பகுதியில் கதவை இரண்டு அங்குல இடைவெளிக் கம்பாக விட்டதால் தாயும் குட்டியும் இரவில் மூக்கோடு மூக்கு வைத்துக்கொள்ள முடிகிறது. இதனைச் செய்யச் சொன்னவர் அன்று மண்டபத்தில் கேள்வி கேட்ட மருமகள். குட்டி கத்துவது குறைந்ததாக ஆட்டுக்காரர் சொன்னார்.

ஆயினும் அவர் வளர்ப்பவர், விற்பவர். 2025 தீபாவளிக்கு முந்தைய வாரம் கீழ்பென்னாத்தூருக்கு ஒன்பது கிடாக்குட்டிகளை ஓட்டிச் சென்றார். அவற்றுள் கால் கோணலாகக் கூடியதும் ஒன்று. நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். மினிவேனில் ஏற்றும்போது அதன் காலைக் கண்டுகொண்டேன். என்னை அது அறிந்ததா என்பதை நான் எப்படிச் சொல்வேன்? திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் 1948இல் மறைந்த லட்சுமி என்னும் பசுவுக்குச் சமாதி எழுப்பியிருக்கிறார்கள். பெயர் பெற்ற விலங்குகள் சில உண்டு. இக்குட்டிக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. வைத்திருந்தால் வாங்கியிருப்பேனோ என்று அன்றிரவு எண்ணினேன். யசோதர காவியக் கதையில் வரும் பிறவிகளுள் ஆட்டுப் பிறவியும் உண்டு என்பது நினைவுக்கு வந்தபோது உறக்கம் வரவில்லை.

மறுநாள் பெரியவரைக் காணச் சென்றேன். நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்னேனே" என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. "அது எத்தனை நாள் நனையாமல் இருந்தது?" என்று கேட்டார். ஏழு மாதத்துக்குமேல் என்றேன். "சரி" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அவ்வாண்டு மழைக்காலத்தில் மூன்று கொட்டில்களும் கிடையோடு நகர்ந்தன. ஈன்ற குட்டிகளில் இரண்டு மட்டும் இறந்தன, அவை பிறவியிலேயே மெலிந்தவை. பக்கத்து ஊர்க் கிடைக்காரர் இருவர் வந்து அளவெடுத்துச் சென்றனர். அவர்களில் ஒருவர் குட்டிகளைக் கொழுக்கவைக்கப் பத்துக்கு இருபதாக அடைக்கலாமா என்று கேட்டார். அவருக்கு எங்கள் பிள்ளைகள் செய்து தர மறுத்துவிட்டனர். நகராமல் அடைத்துத் தீனி போடும் கூண்டுக்கும் எங்கள் கொட்டிலுக்கும் மூங்கில் ஒன்றுதான், கயிறும் ஒன்றுதான். எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றாகிறது என்பதை அவர்கள் எனக்கு முன்பே கண்டுகொண்டனர்.

பெரியவர் இன்னும் உடன்படவில்லை. நான்காவது கொட்டிலுக்கு மூங்கில் தேடியபோது தம் தோப்பிலிருந்து பன்னிரண்டு கழிகளை வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். இது கொட்டிலுக்காகவா என்று கேட்கப் போனவனிடம், தோப்பில் மூங்கில் அடர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னாராம். இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அவருக்குப் படித்துக் காட்டினேன். அனுமோதனையைப் பற்றி நான் எழுதியது நூற்கருத்துக்குச் சற்று விலகியது என்றார். கரையான் பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். தம் மறுப்பை அடுத்த இதழுக்குள் எழுதித் தருவதாகக் கூறியிருக்கிறார்.